சுழலும் பந்து ஏன் வளைகிறது?

“தற்சுழற்சியுடன் எறியப்படும் பந்து நேர்ப்பாதையை விட்டு விலகுவது ஏன்?” இயற்பியல் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் இரண்டு மதிப்பெண் வினா இது. விடையும் நமக்கு மனப்பாடம். சுழலும் பந்து தன்னை ஒட்டியுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துச் சுற்றுகிறது. ஒரு பக்கத்தில் அந்தக் காற்றின் வேகம் எதிர்வரும் காற்றின் வேகத்தோடு கூடுகிறது. மறுபக்கத்தில் அதனை எதிர்க்கிறது. வேகம் மிகுந்த இடத்தில் அழுத்தம் குறைவு என்பது பெர்னூலி தேற்றம். ஆகவே பந்து அழுத்தம் குறைந்த பக்கமாகத் தள்ளப்படுகிறது. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். ஒரு வட்டம், நான்கு அம்புக்குறிகள், இரண்டு மதிப்பெண்.

இவ்விடையில் திசை சரியாகவே வருகிறது, காரணம்தான் இடறுகிறது. பெர்னூலி தேற்றத்தை நிறுவத் தொடங்கும்போது நாம் எழுதும் முதல் வரி என்ன? ‘பாய்மம் பாகுநிலையற்றது எனக் கொள்க’ என்பதுதானே! பாகுநிலை என்பது பாய்மத்தின் உள் உராய்வு. அது சிறிதும் இல்லாத காற்றாக இருந்தால் பந்து எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று அசையாது. எண்ணெயில் ஊறிய கயிற்றில் வழுக்கும் கைபோலப் பந்தின் பரப்பு காற்றின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். விடையின் முதல் வரிக்கு உராய்வு வேண்டும். அடுத்த வரியில் வரும் தேற்றத்துக்கு உராய்வு இருக்கவே கூடாது. ஒரே விடைக்குள் இரண்டும் எப்படி இருக்க முடியும்? நோட்ஸ் புத்தகங்கள் இதைக் கேட்பதில்லை. நாமாவது கேட்கலாம்.

இதைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு தூண்டுதலும் உண்டு. மேக்னஸின் பெயரால் வழங்கும் இந்த விளைவை அவருக்கு நூறாண்டுக்கும் முன்பே சோதனை செய்து காட்டியவர் வேறொருவர். அவருடைய வாழ்வு முடிந்தது இங்கிலாந்தில் அன்று. நம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில்!

முதலில் நியூட்டனிடமிருந்து தொடங்குவோம். 1672ஆம் ஆண்டு ஒளியைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற மடலில், சாய்ந்த மட்டையால் அடிக்கப்பட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைத் தாம் பார்த்திருப்பதாகக் குறிப்பிடுகிறார். அவருக்குப் பந்தின் மேல் அக்கறை இல்லை. ஒளித்துகள்களும் இவ்வாறு சுழன்று வளைகின்றனவோ என்பதே அவருடைய ஐயம். சோதித்துப் பார்த்தார், ஒளி வளையவில்லை. அத்துடன் பந்தை விட்டுவிட்டார்.

பந்தை மீண்டும் கையில் எடுத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தில் பாத் என்னும் நகரில், வசதியற்ற குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. பெரும்பாலும் தாமே கற்றவர். எனினும் 1727ஆம் ஆண்டு, தம் இருபதாவது வயதில், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்தவன் நானே முதல்வன், வயதும் இருபது. இந்த ஆண்டுக் கணக்கைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

1742இல் ராபின்ஸ் வெளியிட்ட நூல் பீரங்கிக் கலையின் புதிய கொள்கைகளைப் பற்றியது. எறியப்பட்ட குண்டு பரவளையத்தில் செல்கிறது என்று கலிலியோ வகுத்த கணக்கையே அதுவரை பலரும் பீரங்கிக்கும் பொருத்தி வந்தனர். காற்றின் தடையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது எண்ணம். ராபின்ஸ் குண்டின் வேகத்தை அளக்க ஓர் ஊசலைப் பயன்படுத்தினார். கனமான ஊசலின் மேல் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்று பார்த்தால் குண்டின் உந்தம் தெரியும். அதிலிருந்து வேகம் தெரியும். நம் பாடத்தில் வரும் ‘பாலிஸ்டிக் ஊசல்’ இதுவே. காற்றின் தடை எவரும் நினைத்ததைவிட மிகப் பெரிது என்பது இதனால் வெளிப்பட்டது. அதனோடு, குண்டுகள் இடமும் வலமுமாக விலகிப் போவதையும் அவர் கவனித்தார். துப்பாக்கிக் குழலின் சுவரில் உரசி உருண்டு வரும் குண்டு சுழன்றுகொண்டே வெளிவருகிறது. அந்தச் சுழற்சியே விலகலுக்குக் காரணம் என்றார்.

இதை மெய்ப்பிக்க அவர் செய்த சோதனைகள் இரண்டு. ஒன்றில், மரப்பந்து ஒன்றை இரட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கயிற்றை நன்றாக முறுக்கி, ஊசலாக ஆடவிட்டார். முறுக்கு அவிழ அவிழப் பந்து சுழல்கிறது. சுழல்கின்ற ஊசல் தன் தளத்திலேயே ஆடாமல் ஒரு பக்கமாக விலகிற்று. சுழற்சி திசை மாறியதும் மறுபக்கம் விலகிற்று. இன்னொன்று இதைவிடத் துணிச்சலானது. துப்பாக்கிக் குழலின் முனையைச் சற்றே இடப்பக்கம் வளைத்துவிட்டுச் சுட்டார். குண்டு இடப்பக்கம்தானே போக வேண்டும்? வளைந்த குழலுக்குள் குண்டு வலப்பக்கச் சுவரை அழுத்திக்கொண்டு உருளும். அப்போது அதன் வலப்பக்கம் பின்னோக்கியும் இடப்பக்கம் முன்னோக்கியும் சுழலும். தம் கொள்கை மெய்யானால் குண்டு முதலில் இடப்பக்கம் புறப்பட்டாலும் முடிவில் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது ராபின்ஸின் கணிப்பு. வழியில் காகிதத் திரைகளை நிறுத்தி, அவற்றில் விழுந்த துளைகளைக் கொண்டு பாதையைப் பார்த்தார். குண்டு வலப்பக்கமே திரும்பியிருந்தது. ஒரு கொள்கை தவறினால் உடனே அம்பலமாகும்படி சோதனை அமைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் செய்முறைப் புத்தகத்தில் இல்லை.

ஆனாலும் கொள்கை நிலைபெறவில்லை. 1745இல் இந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பன்மடங்கு பெரிதாக உரையும் எழுதியவர் மாமேதை ஆய்லர். நூலை அவர் பெரிதும் மதித்தார். சுழற்சிக் காரணத்தை மட்டும் ஏற்கவில்லை. குண்டுகள் முழு உருண்டையாக வார்க்கப்படாததே விலகலுக்குக் காரணம் என்றார். ஆய்லர் மறுத்த கருத்தை ஏற்கப் பிறர் தயங்கியதில் வியப்பில்லை. 1852இல் பெர்லினில் குஸ்டாவ் மேக்னஸ், காற்றோட்டத்தில் சுழலும் பித்தளை உருளையை வைத்துச் சோதித்து இதே விளைவைக் காட்டினார். பெயர் அவருக்குப் போயிற்று. ராபின்ஸ் விளைவு என்று அழைக்க வேண்டும் என வாதிடுவோர் இன்றும் உளர். நானும் அவர்கள் பக்கமே.

ராபின்ஸ் இங்கு எப்படி வந்தார்? கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியாளராக அவரை அனுப்பியது. 1750இல் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். காய்ச்சல் பிடித்தது. 1751ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் அக்கோட்டையிலேயே காலமானார், வயது 44. நம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் கோட்டையை வலுப்படுத்த வந்தவரைப் போற்றுவதா என்று சிலர் கேட்கக்கூடும். அவருடைய பணியைப் போற்ற வேண்டியதில்லை; அவருடைய பௌதிகத்தை மறுக்கவும் வேண்டியதில்லை. அக்கோட்டையும் நிலைக்கவில்லை. 1758இல் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றித் தகர்த்தது.

அக்கோட்டைக்கும் பறக்கும் குண்டுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1690இல் கம்பெனி அதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரை நாற்புறமும் நிலம் கம்பெனிக்கே என்று பேச்சு. அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன. எறிபொருளின் வீச்சு என்பது நமக்குக் கணக்கு. அன்று அது ஊர்களின் தலையெழுத்து.

இனிக் காரணத்துக்கு வருவோம். முடிச்சை அவிழ்த்தவர் ஜெர்மானியரான லுட்விக் பிராண்டல். 1904இல் ஹைடல்பர்க் நகரில் கூடிய கணித மாநாட்டில் அவர் படித்த கட்டுரை சில பக்கங்களே கொண்டது. காற்றின் பாகுநிலை மிகச் சிறிது. ஆகையால் பெரும்பகுதிக் காற்றில் உராய்வை மறந்துவிடலாம். ஆனால் பரப்பை ஒட்டியுள்ள மிக மெல்லிய படலத்தில் மட்டும் மறக்கவே கூடாது என்றார் அவர். பரப்பைத் தொடும் காற்று பரப்போடு ஒட்டியே நிற்கிறது. சற்றுத் தள்ளியுள்ள காற்று முழு வேகத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள இந்தப் படலத்துக்கு எல்லைப் படலம் என்று பெயர். இதற்குள் பெர்னூலி தேற்றம் செல்லாது; வெளியே செல்லும்.

பந்தின் மேல் நாம் உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். காற்று எதிரே வந்து, பந்தின் முன்புறத்தில் பிரிந்து, இரு பக்கமும் தழுவிச் சென்று, பின்புறத்தில் கூட வேண்டும். முன்பாதியில் அழுத்தம் குறைந்துகொண்டே வருவதால் ஓட்டம் எளிது. பின்பாதியில் அழுத்தம் ஏறுகிறது. அது மேட்டில் வண்டி இழுப்பது போன்றது. வெளிக்காற்றுக்கு வேகம் இருப்பதால் ஏறிவிடும். எல்லைப் படலமோ உராய்வில் களைத்துப்போனது. ஓரிடத்தில் அதனால் மேலே போக முடியாமல் பரப்பை விட்டே பிரிந்துவிடுகிறது. பிரிந்த இடத்துக்குப் பின்னால் கொந்தளிக்கும் காற்றுத் தடம் ஒன்று வாலைப்போல நீள்கிறது.

பந்து சுழலாதபோது இரு பக்கமும் ஒரே இடத்தில் பிரிவதால் வால் நேராக நிற்கும். சுழலும்போது என்ன ஆகிறது? ஒரு பக்கத்தில் பந்தின் பரப்பு காற்றோடு சேர்ந்து ஓடுகிறது. அங்கே படலம் அதிகம் களைப்பதில்லை. பந்தைத் தழுவிக்கொண்டு பின்புறம் வெகுதூரம் வந்த பிறகே பிரிகிறது. மறுபக்கத்தில் பரப்பு காற்றை எதிர்த்து ஓடுகிறது. படலம் விரைவில் களைத்து முன்னதாகவே பிரிகிறது. இதனால் வால் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. அதாவது, பந்து காற்றை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. காற்றைப் பந்து இடப்பக்கம் தள்ளினால் காற்று பந்தை வலப்பக்கம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு மேல் இங்கு எதுவும் தேவையில்லை. அழுத்த வேறுபாடும் இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தள்ளுதல் பந்தின் பரப்பில் வந்து சேரும் வழி அது.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய விதி ஒன்று உண்டு. எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் 1910இல் கோல்ஃப் பந்தைப் பற்றியே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பந்து தன் மூக்கின் வழியே போகிறது என்பது அவர் சொன்ன கருத்து. பந்தின் முன்முகம் சுழற்சியால் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே பந்து வளையும். வளைந்த குழலிலிருந்து வந்த ராபின்ஸின் குண்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வலப்பக்கம் என்றே வரும்.

இவ்வளவுதானா, திசை இரண்டு விளக்கத்திலும் ஒன்றுதானே, பிறகென்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு வெளிப்படும் இடம் ஒன்று உள்ளது. 1928இல் மாக்கால் என்பவர் வழவழப்பான கோளத்தைக் காற்றோட்டத்தில் சுழற்றி அளந்தபோது, சுழற்சி மெதுவாக இருக்கையில் விசை எதிர்த்திசையில் வந்தது. 1949இல் டேவிஸ் என்பவர் குழிகளற்ற கோல்ஃப் பந்திலும் இதையே கண்டார். நோட்ஸ் விடைப்படி இது நடக்கவே கூடாது. எல்லைப் படலத்தைக் கொண்டு பார்த்தால் நடந்தே தீர வேண்டும். படலத்தில் காற்று சீராகவும் ஓடலாம், கொந்தளித்தும் ஓடலாம். கொந்தளிக்கும் படலம் வெளியேயுள்ள வேகக் காற்றோடு கலந்து வலுப்பெறுவதால் பரப்பை நீண்ட நேரம் பற்றிக்கொள்ளும். காற்றை எதிர்த்து ஓடும் பக்கத்தில் சார்பு வேகம் அதிகம். ஆகவே குறிப்பிட்ட வேக எல்லையில் அந்தப் பக்கம் மட்டும் முதலில் கொந்தளிக்கிறது. அந்தப் பக்கமே தாமதமாகப் பிரிகிறது. வால் மறுபுறம் திரும்புகிறது. பந்தும் மாறி வளைகிறது. தையலும் குழிகளும் உள்ள பந்துகளில் பெரும்பாலும் இரு பக்கமும் கொந்தளித்துவிடுவதால் இந்த விந்தை தோன்றுவதில்லை.

கருவி எதுவும் இல்லாமல் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றைச் சொல்கிறேன். முழு வெள்ளைத்தாள் ஒன்றைச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழலாகச் சுருட்டி ஒட்டுங்கள். மேசையின் மேல் ஒரு பலகையைச் சாய்த்து, அதன் கீழ்முனை மேசை விளிம்பில் முடியுமாறு வையுங்கள். உருளை வடிவ ரூல்தடியை அதில் உருட்டினால், விளிம்பைத் தாண்டி முன்னோக்கிப் போய் விழும். தாள்குழலை உருட்டுங்கள். அது விளிம்பைத் தாண்டியதும் கீழே இறங்கி, பின்னோக்கித் திரும்பி, மேசைக்கு அடியில் புகுந்துவிடும்! கீழே விழும்போது அதன் முன்முகம் அடிப்பக்கம். அது மேசையை நோக்கி நகர்கிறது. மூக்கு போகும் வழியே குழலும் போகிறது. விடுதி அறையில் இதைச் செய்து காட்டியபோது வரலாற்றுத்துறை நண்பர்கள்கூடக் கட்டிலை விட்டு இறங்கி வந்தார்கள்.

சுழற்சியால் பறக்கும் பொருளுக்கு வேறொரு பயனும் உண்டு. ரைஃபிள் குழலின் உட்புறம் வெட்டப்பட்ட திருகுப் பள்ளங்கள் குண்டைத் தன் நீள அச்சில் சுழலச் செய்கின்றன. கோண உந்தம் இருப்பதால் அதன் முனை தலைகுப்புறக் கவிழாமல் முன்னோக்கியே நிற்கிறது. வேகப்பந்து வீச்சாளர் பந்தின் தையலை நிமிர்த்திப் பிடித்துப் பின்சுழற்சியோடு விடுவதும் தையல் ஆடாமல் நிற்பதற்காகவே. அந்த ‘ஸ்விங்’ வேறு கதை, இங்கு வேண்டாம். சுழற்சியின் மூன்றாவது பயன் ஒன்றை என் தந்தையிடம் அறிந்தேன். உப்பனாற்றில் வீச்சுவலை வீசுபவர் அவர். உடம்பைத் திருப்பி வலையைச் சுழற்றி விட்டால்தான் ஈயக்குண்டுகள் வெளிநோக்கி ஓடி வலை வட்டமாக விரியும். “சுத்தி வுட்டாத்தாண்டா வலை வாயத் தொறக்கும்” என்பார். மையவிலக்கு விசையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படிக்கவில்லை.

மேக்னஸ் விசையைக் கொண்டு கப்பலையே ஓட்டியிருக்கிறார்கள். ஜெர்மானியரான ஆன்டன் ஃபிளெட்னர் 1924இல் ‘புக்காவ்’ என்னும் கப்பலில் பாய்மரங்களுக்குப் பதிலாகச் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள இரு உருளைகளை நிறுத்தி, மோட்டாரால் சுழற்றினார். பக்கத்திலிருந்து வீசும் காற்று கப்பலை முன்னே தள்ளிற்று. 1926இல் அது அட்லாண்டிக்கையும் கடந்தது. எண்ணெய் மலிவாக இருந்ததால் அன்று எடுபடவில்லை. 2010இல் நான்கு உருளைகளோடு ‘இ-ஷிப் 1’ என்னும் சரக்குக் கப்பல் கடலில் இறங்கியது.

கால்பந்துப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 1997 ஜூனில் பிரான்ஸுக்கு எதிராக, ஏறத்தாழ 35 மீட்டர் தொலைவிலிருந்து ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த பந்து, போகப் போக அதிகமாக வளைந்தது. பந்தின் வேகம் குறைந்த அளவுக்குச் சுழற்சி குறைவதில்லை. ஆகையால் பாதை வட்டவில்லாக இல்லாமல் சுருள்போல இறுகிக்கொண்டே போகிறது.

கிரிக்கெட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் உள்ளது. மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 22.2 மீட்டர் வேகத்தில் ஒரு சுழல்பந்து வருகிறது என்க. சுழற்சி நிமிடத்துக்கு 2000 எனக் கொண்டால் நொடிக்கு 33 சுற்று. பந்தின் சுற்றளவு சுமார் 22.5 சென்டிமீட்டர், ஆகப் பரப்பின் வேகம் நொடிக்கு 7.5 மீட்டர். பந்து போகும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு! விசைக்கான கெழு 0.2 என வைத்துக்கொண்டு, காற்றின் அடர்த்தி 1.2, பந்தின் குறுக்குப் பரப்பு 0.0041 சதுர மீட்டர் என்று பெருக்கினால் விசை 0.24 நியூட்டன் வருகிறது. 160 கிராம் பந்தின் எடை 1.57 நியூட்டன். எடையில் நூற்றுக்குப் பதினைந்து. இது முழுவதும் மேற்சுழற்சியாக இருந்தால், தரையில் குத்துமுன் காற்றிலிருக்கும் 0.7 நொடியில் பந்து வழக்கத்தைவிட 37 சென்டிமீட்டர் அதிகமாகக் கீழே இறங்கும். மட்டையாளர் முன்னே காலை நீட்டிவிட்டுப் பந்தைத் தேடுவதன் இரகசியம் இந்த 37 சென்டிமீட்டர்தான்.

பக்கவாட்டில் மிதந்து விலகுவது இதைவிட நுட்பம். 1993 ஜூன் 4ஆம் நாள் மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில் ஷேன் வார்ன் மைக் கேட்டிங்குக்கு வீசிய பந்தை இன்று எவர் கைப்பேசியிலும் காணலாம். பந்து காற்றிலேயே வலப்பக்கம் மிதந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி ஆஃப் ஸ்டம்பில் பட்டது. காற்றில் ஒரு பக்கம், தரையில் மறுபக்கம். ஒரே சுழற்சி எப்படி இரண்டையும் செய்யும்?

வார்னின் பின்னால் நின்று பாருங்கள். திருகாணியைக் கழற்றும் திசையில், கடிகார முள்ளுக்கு எதிராகப் பந்து சுழல்கிறது. மேற்பக்கம் இடப்புறம் நகர்கிறது, அடிப்பக்கம் வலப்புறம் நகர்கிறது. வேறு திசையிலும் சிறிது சுழற்சி கலந்திருக்கும். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பந்து கிடையாகச் செல்லும்வரை சுழலச்சும் பாதையும் ஒன்றே. முன்முகம் எந்தப் பக்கமும் நகரவில்லை. பக்க விசையும் இல்லை. பாதை கீழ்நோக்கிச் சாயத் தொடங்கியதும் காற்று முன்னும் கீழுமாக வந்து மோதுகிறது. இப்போது அடிப்பக்கமும் முன்முகத்தில் சேர்கிறது. அது வலப்புறம் நகர்வதால் பந்தும் வலப்புறம் மிதக்கிறது. எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு மிதப்பு. மேலே தூக்கி வீசும் சுழல்பந்து வீச்சாளருக்கு மிதப்பு கிடைப்பதும், தட்டையாக வீசுபவருக்குக் கிடைக்காததும் இதனால்தான். பிறகு தரை வருகிறது. வலப்புறம் நகரும் அதே அடிப்பக்கம் மண்ணில் உரசுகிறது. மண் அதை இடப்புறம் தள்ளுகிறது. பந்து திரும்புகிறது.

வெங்கட்ராகவன், அஸ்வின் போன்ற நம் ஆஃப் ஸ்பின்னர்கள் வீசும் பந்தில் எல்லாம் தலைகீழ்: காற்றில் இடப்புறம் மிதக்கும், தரையில் வலப்புறம் திரும்பும். அடுத்த முறை ஆட்டம் பார்க்கையில் பந்து உச்சியைத் தாண்டிக் கீழிறங்கத் தொடங்கும் அந்தக் கணத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். மிதப்பு தொடங்குவது அங்கேதான்.